பகிர்ந்து பயன்படுத்தும் ஆக்சஸ் தரவுத்தளத்தில் நெட்வொர்க் பிழை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் உருவாக்கிய ஸ்டாக் கணக்கையோ மாணவர் பதிவேட்டையோ அலுவலக சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. நெட்வொர்க் தொடர்பு தடைபட்டுவிட்டது, தரவுத்தளத்தை மூடிவிட்டு மீண்டும் திறக்கவும் என்ற செய்தி அங்கே திரையில் வந்தவுடன், பெரும்பாலோர் கோப்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். ரிப்பேர் செய்து பார்க்கிறார்கள், ஆஃபீஸையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். மறுநாளும் அதே செய்தி வருகிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று அந்தச் செய்தி சொல்லவில்லை, கோப்புக்குப் போகும் வழி அறுந்தது என்றுதான் சொல்கிறது.

ஆக்சஸ் கோப்பைப் பொறுத்தவரை சர்வர் என்பது வெறும் அலமாரிதான். கேள்வியை வாங்கிப் பதில் தரும் நிரல் எதுவும் அங்கே ஓடுவதில்லை. ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள ஆக்சஸ் எஞ்சின்தான் கோப்பை 4 கேபி பக்கங்களாக நெட்வொர்க் வழியே எடுத்து, மாற்றி, திரும்ப எழுதுகிறது. ஆகவே, இணையப் பக்கம் பார்ப்பவர் உணராத ஒரு சிறு துண்டிப்புகூட இங்கே திறந்திருக்கும் கோப்புத் தொடர்பை அறுத்துவிடும். ஆக்சஸ் அதைத் தானாக மீட்டுக்கொள்வதும் இல்லை. ஓகே அழுத்திவிட்டு அதே படிவத்தில் பதிவைத் தொடர முயல்வதுதான் முதல் தவறு. ஆக்சஸை முழுவதுமாக மூடி, டாஸ்க் மேனேஜரில் அது மிச்சமாக ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகே மீண்டும் திறக்க வேண்டும்.

அடுத்த தவறு லாக் கோப்பின் மேல் கை வைப்பது. யாராவது தரவுத்தளத்தைத் திறந்தவுடன் அதே கோப்புறையில் அதே பெயரில், யார் யார் திறந்திருக்கிறார்கள் என்பதைக் குறித்துவைக்கும் ஒரு சிறிய லாக் கோப்பு உருவாகும். கடைசி ஆள் மூடியதும் அது மறைய வேண்டும். நோட்பேடில் திறந்து பார்த்தால் கணினிகளின் பெயர்களும், ஒவ்வொன்றின் பின்னாலும் பெரும்பாலும் அட்மின் என்ற சொல்லும் இருக்கும். ஆளுக்கு 64 பைட் என்பது கணக்கு. ஆனால் வெளியேறியவரின் பெயரும் அதில் தங்கியிருக்கும் என்பதால், அந்தப் பட்டியலை நம்பி இன்னார் உள்ளே இருக்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது. சர்வரில் உள்ள கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் என்ற விண்டோஸ் கருவியில், பகிர்வுக் கோப்புறைகளின் கீழ் திறந்துள்ள கோப்புகளைப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும். அழிக்க முடியவில்லையே என்று சர்வரை ரீஸ்டார்ட் செய்து லாக் கோப்பை நீக்குபவர்கள், வேறொருவர் பாதி எழுதிக்கொண்டிருந்த பக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். நெட்வொர்க் பிழையாக வந்தது உண்மையான கோப்புப் பழுதாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கோப்பைச் சுருக்கிப் பழுது நீக்கும் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் தேவைப்பட்டால், எல்லோரும் வெளியேறிய பின், கோப்பின் ஒரு நகலைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, இன்னொரு நகலை உள்ளூர் டிஸ்க்கில் வைத்துச் செய்து, பிறகு இடத்தில் போட வேண்டும். ஐயத்துக்குரிய நெட்வொர்க்கின் மேலேயே அதை ஓட்டுவது ஆபத்து.

அனுமதிகளிலும் ஒரு குழப்பம் உண்டு. கோப்புக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்துவிட்டு, கோப்புறைக்குப் படிக்கும் உரிமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லாக் கோப்பை உருவாக்கவும் மாற்றவும் அழிக்கவும் கோப்புறையிலேயே உரிமை வேண்டும். இல்லாவிட்டால் முதலில் திறப்பவருக்கு மட்டும் வேலை நடந்து, அடுத்தவருக்குக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வரலாம்.

துண்டிப்பின் இடத்தைத் தேடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிழை ஒரு கணினியில் மட்டும் வருகிறதா, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா என்பது. ஒருவருக்கு மட்டும் என்றால் கேபிளையும், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் மின்சேமிப்பு அமைப்பையும் பாருங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த அடாப்டரை அணைக்கலாம் என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். வைஃபையில் இயங்கும் மடிக்கணினி என்றால் வேறு எதையும் ஆராயும் முன் கேபிளில் இணைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் சர்வரும், கணினிகளின் நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்சும்தான் சந்தேகத்துக்குரியவை. கணினிகளுக்கெல்லாம் யுபிஎஸ் வாங்கிவிட்டு, சுவிட்சை மட்டும் நேரடி மின்சாரத்தில் செருகி வைத்திருக்கும் அலுவலகங்கள் நம் ஊரில் குறைவில்லை. கரண்ட் கண்சிமிட்டினால் எந்தக் கணினியும் அணையாது, ஆனால் எல்லோருடைய ஆக்சஸும் ஒன்றாக அறுந்துவிடும். பிழை வந்த மணி நிமிடத்தைக் குறித்துவைத்து விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவருடன் ஒப்பிட்டால் தேடல் பாதியாகக் குறையும்.

பகிர்வுக் கோப்புறைக்கு ஒருவர் பி டிரைவ், இன்னொருவர் இசட் டிரைவ் என்று எழுத்து கொடுத்து மேப் செய்து டேபிள்களை இணைப்பதும் தொல்லை தரும். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கும் நிரலுக்கு, சாதாரணமாக மேப் செய்த டிரைவ் எழுத்து தெரியாமலே போகலாம். சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொண்டு இணைப்பது நல்லது.

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைகளில் வைத்துப் பலர் திறப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஒருவர் திருத்தும் பதிவை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் ரெக்கார்டு பூட்டு என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது. முழுக் கோப்பையும் நகலெடுத்து, மோதல் வந்தால் இரண்டு கோப்புகளாக வைத்துவிடும். தொலைவிலிருந்து, அலுவலக நெட்வொர்க்குடன் இணையம் வழியே இணைக்கும் விபிஎன் மூலம் நேரடியாகத் திறப்பதும் சரிப்படாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்வது பாதுகாப்பானது.

எல்லோரும் ஒரே கோப்பைத் திறப்பது என்ற பழக்கத்தை முதலில் விட வேண்டும். டேபிள்கள் மட்டும் பேக் எண்ட் கோப்பாக சர்வரில் இருக்கட்டும். படிவங்களும் அறிக்கைகளும் அடங்கிய ஃபிரன்ட் எண்டின் சொந்த நகல் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கட்டும். ஃபிரன்ட் எண்டை சர்வரில் பொதுவாக வைத்துக் குறுக்குவழி மட்டும் கொடுப்பது, கோப்பைப் பிரித்ததன் பயனைப் பெரிதும் கெடுத்துவிடும். 255 பேர் வரை திறக்கலாம் என்ற வரம்பு ஏட்டளவில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வாரம் ஒருமுறை அறுந்தால், டேபிள்களை மைக்ரோசாஃப்டின் தரவுத்தள சர்வர் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸுக்கு மாற்றிவிட்டு ஆக்சஸைப் படிவங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் தொடர்பு அறுந்தால் பிழைச் செய்தி வரும். ஆனால் எழுதும் வேலையை சர்வரே செய்வதால், நடுவில் நின்ற ஒரு பதிவு ரத்தாகுமே தவிர டேபிள் பழுதாகாது.