ராத்திரியே ஊறவைத்துக் காலையில் ஓவனில் வைக்கும் புளூபெர்ரி பாம்பே டோஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான்கு குடும்பம் சாப்பிட வருகிறது என்றால், அடுப்பின் முன்னால் நிற்பவரால் யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. தோசையானாலும் பாம்பே டோஸ்டானாலும் ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுதான் எடுக்கலாம். கடைசித் தட்டு போவதற்குள் முதலில் சாப்பிட்டவர்கள் காபியும் குடித்து முடித்திருப்பார்கள்.

அமெரிக்க வீடுகளில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். பாம்பே டோஸ்டுக்கு வேண்டிய பிரெட்டைத் துண்டு போட்டு, முட்டை பால் கலவையை ஊற்றி, முந்தின நாள் ராத்திரியே டிரேயோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். காலையில் அந்த டிரே அப்படியே ஓவனுக்குள் போகும். ஓவர்நைட் பிரெஞ்சு டோஸ்ட் என்று பெயர். மேலே பழம் போட்டால் விருந்துக்கே வைக்கலாம்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சி. இங்கே ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முடியும் வரை புளூபெர்ரிதான். தோட்டத்துக்குப் போய் நாமே பறித்து வரலாம். போன வருஷம் ஜூலையில் அத்தையும் மாமாவும் ஊரிலிருந்து வந்திருந்தபோது, பறித்து வந்த பழத்தை வைத்து முதல்முறையாக இதைச் செய்தேன். மேலே பொன்னிறமாக உப்பி வந்திருந்தது. நடுவில் கரண்டியை விட்டதும் மஞ்சளாகத் தண்ணீர் ஊறி நின்றது.

"ஏம்மா, ஓரமெல்லாம் நல்லா இருக்கு. நடுவுல மட்டும் கொழகொழன்னு இருக்கே, வெந்துடுச்சா?" என்றார் அத்தை.

வேகவில்லை. மறுபடி இருபது நிமிஷம் உள்ளே வைத்தேன். நடு வெந்தது, ஓரம் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஐந்து ஞாயிற்றுக்கிழமை விடாமல் செய்து பார்த்துத்தான் காரணத்தைப் பிடித்தேன். பிரெட்டை நான் காயவைக்கவே இல்லை. கீழே அந்த இடத்தில் நிறையச் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் சுலபம்.

வேண்டியவை

9-க்கு 13 அங்குல டிரே ஒன்றுக்கு, எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

- வெட்டாத முழு பிரெட் ஒன்று, சுமார் 450 கிராம்
- முட்டை 8
- கொழுப்பு நீக்காத பால் இரண்டரை கப்
- கிரீம் அரை கப்
- பழுப்புச் சர்க்கரை அரை கப்
- உப்பு அரைத் தேக்கரண்டி
- வெனிலா 2 தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி கால் தேக்கரண்டி
- ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோலைத் துருவியது
- புளூபெர்ரி 2 கப்
- டிரேயில் தடவ வெண்ணெய்

மேலே தூவ: மைதா கால் கப், ஓட்ஸ் கால் கப், பழுப்புச் சர்க்கரை கால் கப், குளிர்ந்த வெண்ணெய் 4 மேசைக்கரண்டி, பொடித்த பீகன் (வால்நட் மாதிரி ஒரு கொட்டை) ஒரு கைப்பிடி. பீகன் இல்லையென்றால் முந்திரி.

எலுமிச்சைத் தோலை விட்டுவிடாதீர்கள். சுட்ட புளூபெர்ரி வெறும் இனிப்பாகத்தான் இருக்கும். அந்த வாசனை சேர்ந்தால்தான் பழச் சுவையே எடுப்பாகத் தெரியும். ஏலக்காய் என் சேர்க்கை. இங்கே எல்லோரும் பட்டைத்தூள் போடுவார்கள். பட்டை புளூபெர்ரியை அமுக்கிவிடுகிறது, ஏலக்காய் அப்படிச் செய்வதில்லை.

எந்த பிரெட்?

ஹல்லா வாங்குங்கள். யூதர்கள் சப்பாத் என்ற தங்கள் வாராந்திர ஓய்வுநாளுக்குச் செய்யும், பின்னல் போட்ட பிரெட் அது. முட்டை சேர்ந்தது, பால் வெண்ணெய் பெரும்பாலும் இருக்காது. எங்கள் பக்கத்துக் கடைகளில் வெள்ளிக்கிழமை காலையில் புதிதாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு நாள் கணக்கும் சரியாக இருக்கிறது. பிரியோஷ் என்ற பிரெஞ்சுக்காரர்களின் பிரெட் கிடைத்தாலும் நல்லதுதான். அதில் வெண்ணெயும் இனிப்பும் கூடுதல் என்பதால் கலவையில் சர்க்கரையைக் கால் கப்பாகக் குறையுங்கள். பிளாஸ்டிக் பையில் வரும் சாண்ட்விச் பிரெட் வேண்டவே வேண்டாம். ராத்திரிக்குள் கூழாகிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம்: பிரெட்டைக் காயவைப்பது

நான் வழுக்கிய இடம் இதுதான். எல்லாச் செய்முறையிலும் "பழைய பிரெட்டாக இருக்கட்டும்" என்று ஒரு வரி இருக்கும். நானும் மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்து, கல்லு மாதிரி ஆன பிரெட்டைத்தான் போட்டேன். பழையது என்றால் காய்ந்தது என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றில்லை.

ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த இட்லியை நினைத்துப் பாருங்கள். காலையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும். ஆவியில் காட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். அதன் தண்ணீர் எங்கேயும் போகவில்லை. மாவுச்சத்து மட்டும் இறுகிக்கொண்டது. பிரெட்டும் அப்படித்தான், அதுவும் ஃபிரிட்ஜ் குளிரில் வெளியே வைப்பதைவிட வேகமாக இறுகும். தொட்டால் கெட்டியாக இருக்கும், உள்ளே பழைய ஈரம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் பிரெட் மூன்று கப் பாலை எப்படி இழுக்கும்? இழுக்காத பால் டிரேயின் அடியில் தங்கும். காலையில் அத்தை பார்த்த தண்ணீர் அதுதான்.

ஆகவே பிரெட் பழையதோ புதியதோ, ஓவனில் காயவைத்தே ஆக வேண்டும். ஓவனை 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (150 செல்சியஸ்) சூடாக்குங்கள். பிரெட்டை ஒரு அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். பல் வைத்த பிரெட் கத்தி இருந்தால் நல்லது, சாதாரணக் கத்தி பிரெட்டை நசுக்கிவிடும். அகலமான தட்டில் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரப்பி 15 முதல் 20 நிமிஷம் வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். நிறம் மாறத் தேவையில்லை, வெள்ளையாகவே இருக்கட்டும்.

பதம் பார்க்கக் கைதான் சரி. ஒரு துண்டை எடுத்து அழுத்தினால் மேல்பக்கம் ரஸ்க் மாதிரி இருக்கும், உள்ளே கொஞ்சம் மட்டும் அமுங்கும். தட்டை ஆட்டினால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் வரும். முன்பு மெத்தென்று உருண்டவை இப்போது சத்தம் போட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாக ஆறட்டும்.

ஊறவைப்பது

முட்டைகளை முதலில் தனியாக அடித்து, அப்புறம் சர்க்கரை, உப்பு, வாசனைப் பொருட்கள், கடைசியில் பாலும் கிரீமும். வெண்ணெய் தடவிய டிரேயில் பிரெட்டைப் பரப்பிக் கலவையை மெதுவாக எல்லாப் பக்கமும் ஊற்றுங்கள். பத்து நிமிஷம் விட்டு, விரித்த கையால் மேலிருந்து அழுத்துங்கள். அடியில் இருப்பது மேலேறி வரும். சில துண்டுகளைப் புரட்டிவிட்டு இன்னொரு முறை அழுத்துங்கள். டிரேயைச் சாய்த்தால் ஓரத்தில் ஒன்றிரண்டு கரண்டிக்கு மேல் பால் ஓடக்கூடாது. மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். எட்டு மணி நேரம் போதும். ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

மேலே தூவுவதை இப்போதே பிசைந்து தனி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஆனால் தூவுவது காலையில்தான். ராத்திரியே தூவினால் ஈரம் இழுத்துக் களியாகிவிடும்.

புதிதாகப் பறித்த பழம் என்றால் பாதியை இப்போதே துண்டுகளுக்கு நடுவில் சொருகிவிடுங்கள், மீதி காலையில். புளூபெர்ரியின் மேல் மாவு தூவியது போல ஒரு வெண்பூச்சு இருக்குமே, அது அழுக்கில்லை. பழத்தைக் காக்க இயற்கையாக வரும் மெழுகு. கழுவினால் போய்விடும், பழமும் சீக்கிரம் கெடும். அதனால் டிரேயில் போடுவதற்கு முன்னால் மட்டும் கழுவுங்கள்.

இந்தப் பழத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் வரை இதைக் காட்டில்தான் பறித்தார்கள், தோட்டத்தில் வளராது என்றே நம்பினார்கள். நியூஜெர்சியின் பைன் காட்டுப் பகுதியில் வைட்ஸ்பாக் என்ற இடத்தில் கிரான்பெர்ரி விவசாயியின் மகள் எலிசபெத் வைட், தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் என்பவரோடு சேர்ந்து அதை மாற்றினார். பெரிய பழம் காய்க்கும் செடிகளைக் காட்டிலிருந்து தேடிக்கொண்டு வரும் ஊர்க்காரர்களுக்குக் காசு கொடுத்தார். கண்டுபிடித்தவர் பெயரையே செடிக்கும் வைத்தார். 1916-இல் முதல் அறுவடை விற்பனைக்குப் போனது. நாங்கள் பழம் பறிக்கும் தோட்டத்து மண்ணும் அதே மணல்தான், புளிப்புத்தன்மை உள்ளது. செருப்புக்குள் எல்லாம் ஏறிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

ஒன்பதரை மணிக்குப் பரிமாறுவது என்றால் எட்டு மணிக்கு முன்னாலேயே டிரேயை வெளியே எடுத்துவிடுங்கள். முப்பது நாற்பது நிமிஷம் வெளியே இருக்கட்டும். நேரே உள்ளே வைத்தால் ஓரம் வெந்து நடு வேகாது. கண்ணாடி டிரே என்றால் குளிரிலிருந்து திடீர்ச் சூட்டுக்குப் போய் வெடிக்கவும் கூடும். நான் கண்ணாடியை விட்டுவிட்டுப் பீங்கான் டிரேக்கு மாறிவிட்டேன். அதையும் குளிரோடு நேரே உள்ளே வைப்பதில்லை.

ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட் (175 செல்சியஸ்). மீதிப் பழத்தைப் பரப்பி, தூவ வேண்டியதைத் தூவி, அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மேலே தொடாமல் மூடி 30 நிமிஷம். அப்புறம் தாளை எடுத்துவிட்டு இன்னும் 20 முதல் 25 நிமிஷம்.

வெந்ததா என்று பார்க்கப் பல்குச்சியை நம்பாதீர்கள். குச்சி ஒரு பழத்தில் குத்திவிட்டால் ஈரமாகத்தான் வரும். குத்தியதும் சூடு காட்டும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் சமையலறையில் நான் வாங்கியவற்றில் அதிகம் உழைத்தது அதுதான். முட்டை சேர்ந்த பதார்த்தங்களுக்கு அமெரிக்க வேளாண்துறை சொல்லும் அளவு 160 டிகிரி ஃபாரன்ஹீட் (71 செல்சியஸ்). நான் நடுவில் 170 (77 செல்சியஸ்) காட்டும் வரை விடுகிறேன். அப்போதுதான் கஸ்டர்டு, அதாவது முட்டை பால் கலவை, நன்றாக இறுகி, வெட்டினால் துண்டாக நிற்கிறது.

வெளியே எடுத்ததும் உப்பியிருப்பது இறங்கிவிடும். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் இறங்கும். பதினைந்து நிமிஷம் ஆறவிட்டு வெட்டுங்கள். மேப்பிள் சிரப்பைத் தனியாக வையுங்கள். அடர்ந்த நிறத்தில் இருப்பதை வாங்குங்கள், வெளிர்நிறச் சிரப்பின் சுவை இதில் தெரியாது.

பிறகு சேர்த்தது: உறைந்த பழம்

குட்டிக் காட்டுப் புளூபெர்ரியை உறைந்த பாக்கெட்டில் வாங்கி ராத்திரியே போட்டதில் டிரே முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். உறைந்த பழம் இளகும்போது தோல் கிழிந்து சாறு ஓடும். அதைக் காலையில், இளகவிடாமல், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போடுங்கள். வேக எட்டு பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும்.

பிறகு சேர்த்தது: அன்னாசி

அன்னாசி போட்டவருக்குக் கலவை நீர்த்துக் கசந்துவிட்டதாம். பால் கெட்டதோ என்று கேட்டிருந்தார். பால் மேல் தப்பில்லை. வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலையை ராத்திரி முழுக்கப் பாலிலும் முட்டையிலும் செய்திருக்கிறது. அன்னாசி வேண்டுமென்றால் சாறு வற்றும் வரை வேகவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். டின்னில் வருவது ஏற்கெனவே சூடுபட்டது, அதனால் பிரச்சினை இல்லை. வாழைப்பழம் என்றால் கறுத்துவிடும், காலையில் நறுக்குங்கள்.

பிறகு சேர்த்தது: முட்டை இல்லாமல்

இதைத்தான் நிறையப் பேர் கேட்டீர்கள். கஸ்டர்டு பவுடர் போதும். அந்தப் பவுடரே முட்டை சேராதவருக்காக வந்ததுதான். பர்மிங்காமில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்பவர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1837-இல் செய்தது. மூன்று கப் பாலில் அரை கப்பை எடுத்து 4 மேசைக்கரண்டி பவுடரைக் கரையுங்கள். மீதிப் பாலைச் சர்க்கரையோடு காய்ச்சி, கரைத்ததை ஊற்றி, கரண்டியின் முதுகில் படியும் வரை கிளறுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிரெட் மேல் ஊற்றிவிட வேண்டும். ஆறினால் கெட்டியாகி, பிரெட்டுக்குள் இறங்காது. ஹல்லாவிலும் பிரியோஷிலும் முட்டை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இதற்கு முட்டை சேராத பிரெஞ்சு பிரெட்டை வாங்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். தாள் மூட வேண்டாம், 35 நிமிஷத்தில் மேலே சிவந்து ஓரம் கொதித்துவிடும்.

மீந்தால் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பள்ளிக்கூட நாளில் ஒரு துண்டை எடுத்து, டோஸ்டர் ஓவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உள்ளே சூடேறும் வரை வைத்தால் மேல்பக்கம் மறுபடி மொறுமொறுவென்று வந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் வராது.