கட்டற்ற மென்பொருள் மாநாட்டில் முதல் உரை: முன்மொழிவிலிருந்து வராந்தா வரை

யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளின் பயனர் குழுக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணா, மாநாட்டுல பேசறதுக்கு ஆளுங்களை எப்படிக் கூப்பிடறாங்க?"

பெரும்பாலும் கூப்பிடுவதில்லை. முதன்மை உரைக்கு மட்டும் சிலரை அமைப்பாளர்களே அழைப்பார்கள். மற்ற எல்லோரும் விண்ணப்பம் போட்டு வந்தவர்கள்தான். எனக்கு இது தெரியாது. யாராவது அழைப்பார்கள் என்று இரண்டு ஆண்டு சும்மா இருந்தேன். அந்த இரண்டு ஆண்டு உங்களுக்கும் வீணாகாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

படி 1: எங்கே பேசுவது?

இந்தத் துறையின் பெரிய திருவிழா ஃபோஸ்டெம். பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஒரு சனி, ஞாயிறில் நடக்கும். 2001இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, பல்கலைக்கழக வளாகத்துக்குள் நேரே நடந்து போய்விடலாம். அதனாலேயே கூட்டம் நெரியும். உள்ளே இடமில்லை என்று பல அறைகளின் கதவில் பலகை தொங்கும். அங்கே பெரும்பாலான உரைகள் டெவ்ரூம் எனப்படும் அறைகளில் நடக்கின்றன. பைத்தான் என்ற நிரல்மொழிக்கு ஓர் அறை, தரவுத்தளத்துக்கு ஓர் அறை என்று அந்தந்தச் சமூகமே தன் அறையை நடத்தும். விண்ணப்ப அழைப்பும் அறைக்கு அறை தனி, கடைசித் தேதியும் தனி.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்களின் மாநாடான டெப்கான் ஆண்டுக்கொரு நாட்டில் நடக்கும். 2023 செப்டம்பரில் அது கொச்சிக்கே வந்தது. பைத்தான்காரர்களின் மாநாடான பைகான் இந்தியா 2009இல் பெங்களூருவில் தொடங்கி ஊர் ஊராகச் சுற்றுகிறது. 2019இல் சென்னை வர்த்தக மையத்தில் நடந்தது.

இதையெல்லாம் படித்து மலைக்க வேண்டாம். முதல் உரையைப் பக்கத்தில் உள்ள சின்னக் கூட்டத்தில் கொடுங்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் சென்னைபை என்ற பைத்தான் குழுவும் இருக்கின்றன. காஞ்சிபுரத்து லினக்ஸ் பயனர் குழுவான காஞ்சி லக் இணையவழியில் தமிழிலேயே கூட்டம் நடத்துகிறது. இருபது பேர் முன்னால் ஒரு தடவை உளறிவிட்டால் இருநூறு பேர் முன்னால் உளறல் குறையும்.

படி 2: தலைப்பு

"எனக்கு எதிலும் நிபுணத்துவம் இல்லையே" என்பார்கள். நிபுணத்துவத்தை யாரும் கேட்கவில்லை. கடைசியாக எந்தச் சிக்கலில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு விழித்தீர்கள்? தலைப்பு அங்கேதான் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு தமிழ் பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்துகளை நிரல் மூலம் எடுக்க வேண்டியிருந்தது. கோப்பில் 'கொடி' என்று அழகாகத் தெரிகிறது. காப்பி செய்து ஒட்டினால் 'ெகாடி' என்று வருகிறது. நான் முதலில் என் நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். நிரலில் தப்பில்லை. அந்த பிடிஎஃப் எழுத்தை எழுத்தாக வைத்திருக்கவில்லை, வரைந்த வடிவங்களாக வைத்திருந்தது. கொம்பை முதலில் வரைகிறது, பிறகு 'க', பிறகு கால். வரைந்த வரிசையிலேயே காப்பியும் வருகிறது. எழுத்தாகச் சேமித்திருந்தால் கொம்பு 'க'வுக்குப் பிறகுதான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு தலைப்பு கையில் இருந்தது.

படி 3: அழைப்பை முழுசாகப் படியுங்கள்

உரைகளுக்கான அழைப்பை எல்லோரும் சிஎஃப்பி என்றே சொல்கிறார்கள். எத்தனை நிமிடம், யாருக்காக, எந்த வகை என்பதெல்லாம் அதில் இருக்கும். மின்னல் உரை என்றால் பெரும்பாலும் ஐந்து நிமிடம், ஃபோஸ்டெமில் பதினைந்து. சாதாரண உரை 25 முதல் 40 நிமிடம். பயிலரங்கு மணிக்கணக்கில் போகும். பாஃப் என்று ஒன்று உண்டு. அதில் பேச்சாளர் கிடையாது, ஒரே ஆர்வமுள்ளவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கடைசி நேரத்தில் ஒரு கண் வையுங்கள். யுடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்றால் நமக்கு விடிகாலை 5.30. 'பூமியில் எங்கேனும்' (உலகில் எங்காவது அந்தத் தேதி மிச்சம் இருக்கும் வரை) என்று போட்டிருந்தால் மறுநாள் மாலை 5.30 வரை தாக்குப்பிடிக்கலாம். அதுவரை தள்ளிப்போடுங்கள் என்று சொல்லவில்லை.

படி 4: முன்மொழிவு எழுதுவது

பலரும் சறுக்கும் இடம் இது. நான் முதலில் அனுப்பியது இப்படி இருந்தது:

*பைத்தானில் தமிழ் மொழிச் செயலாக்கம்: ஓர் அறிமுகம். இவ்வுரையில் தமிழ் மொழிச் செயலாக்கத்தின் முக்கியத்துவம், வாய்ப்புகள், சவால்கள் ஆகியவற்றை விரிவாகக் காண்போம்.*

நிராகரித்துவிட்டார்கள். இன்று படித்தால் நானும் நிராகரிப்பேன். யார் பெயரை வேண்டுமானாலும் இதன் கீழே போடலாம். இதில் என் இரண்டு நாள் எங்கே?

அடுத்த ஆண்டு வேறொரு மாநாட்டுக்கு அனுப்பியது:

*தமிழ் பிடிஎஃப்-ஐக் காப்பி செய்தால் 'கொடி' ஏன் 'ெகாடி' ஆகிறது? பிடிஎஃப் எழுத்துகளை எப்படிச் சேமிக்கிறது என்று ஒரு கோப்பைப் பிரித்துப் பார்ப்போம். இடம் மாறிய கொம்பைச் சரிசெய்யும் முப்பது வரி பைத்தான் நிரலை மேடையிலேயே எழுதுவோம். பைத்தானில் எழுத்துச் சரங்களைக் கையாளத் தெரிந்தால் போதும். தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.*

கேட்பவர் எதைக் கற்றுக்கொண்டு வெளியே போவார், அவருக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் இதில் வந்துவிட்டன. இதோடு நிமிடக் கணக்கும் கொடுங்கள்: சிக்கலைக் காட்ட 3, பிடிஎஃப்பின் உள்ளே என்ன என்பதற்கு 8, நிரலுக்கு 9, கேள்விக்கு 5. கணக்குப் போட்டிருந்தால், இவர் யோசித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியும்.

படிவத்தில் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று எல்லோரும் படிக்கும் சுருக்கத்துக்கு, மற்றது மதிப்பாய்வாளர் மட்டும் படிக்க. இரண்டாவதைக் காலியாக விடாதீர்கள். முன்பு பேசிய காணொளி, நிரல் இருக்கும் இடம், 'இது என் முதல் உரை' என்ற உண்மை, எல்லாம் அங்கே போகட்டும். பெயரை மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் உங்களைக் காட்டிக்கொடுக்கும் தகவல் எதுவும் சுருக்கத்தில் இருக்கக்கூடாது.

படி 5: அனுப்பியதோடு முடிவதில்லை

பைகான் இந்தியா பல ஆண்டுகள் ஜங்ஷன் என்ற தன் சொந்தத் திறமூல மென்பொருளில் முன்மொழிவுகளை வாங்கியது. அதில் எல்லா முன்மொழிவும் எல்லோர் கண்ணிலும் படும். யாரும் கீழே கருத்துச் சொல்லலாம், வாக்களிக்கலாம். வேறு பல மாநாடுகளில் மதிப்பாய்வாளர் மட்டும் தனியாக எழுதிக் கேட்பார். எப்படி இருந்தாலும், கேள்வி வந்தால் நல்ல சகுனம். பிடிக்காத முன்மொழிவுக்குக் கேள்வி எழுத யாருக்கும் நேரம் இல்லை.

மேலே காட்டியது என் முன்மொழிவின் கடைசி வடிவம். முதலில் அதில் எழுத்துணரி, அதாவது படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள், பற்றியும் ஒரு பகுதி இருந்தது. எனக்கு வந்த கேள்வி: "25 நிமிடத்தில் பிடிஎஃப் அமைப்பு, எழுத்துணரி இரண்டையும் முடிக்க முடியுமா?" சுர்ரென்று கோபம் வந்தது. "முடியும்" என்று அடித்துவிட்டு, அனுப்பாமல் படுத்துவிட்டேன். காலையில் சத்தமாகப் பேசிப் பார்த்தால் 41 நிமிடம் ஓடியது! எழுத்துணரிப் பகுதியைத் தூக்கிவிட்டு, "நீங்கள் சொன்னது சரி, குறைத்துவிட்டேன்" என்று எழுதி, முன்மொழிவையும் திருத்தினேன். பதில் மட்டும் எழுதிவிட்டு முன்மொழிவை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மதிப்பெண் போடுகிறவர் முன்மொழிவைத்தான் பார்ப்பார்.

நிராகரித்தால் "என்ன மாற்றலாம்?" என்று ஒரே வரியில் மரியாதையாகக் கேளுங்கள். சில நேரம் அதே தலைப்பில் வேறொருவர் முந்தியிருப்பார், உங்கள் பக்கம் குறையே இருக்காது. அதையே வேறு இடத்துக்கு அனுப்புவதில் தப்பில்லை.

படி 6: தேர்வானபின்

உறுதி செய்யச் சொல்லி வரும் மின்னஞ்சலுக்கு அன்றே பதில் போடுங்கள். பயணச் செலவை யார் ஏற்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டெப்கானில் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. வெளிநாடு என்றால் விசாவுக்கு அழைப்புக் கடிதமும் வேண்டும்.

படி 7: ஒத்திகையும் மடிக்கணினியும்

கடிகாரத்தை வைத்து, நின்றுகொண்டு, வாய்விட்டு மூன்று தடவை பேசிப் பாருங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நிரல் எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும், அதனால் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வையுங்கள். நேரடியாக இயக்கிக் காட்டுவதை முன்பே பதிவுசெய்து கையில் வைத்திருங்கள். மாநாட்டு வைஃபையை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

ஒரு கூட்டத்தில் என் மடிக்கணினி அங்கிருந்த புரொஜெக்டருடன் ஒத்துப்போகவில்லை. அவர்கள் கணினியில் ஸ்லைடைத் திறந்தேன். தமிழ் எழுத்துரு இல்லாத கணினி, திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்து உடைவதைப் பற்றிப் பேச வந்தவன் நான்! அரங்கம் சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். தப்பு என்னுடையதுதான். எழுத்துருவை உள்ளே பதித்து பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துப் போயிருக்க வேண்டும்.

படி 8: மேடை

நேரம் காட்ட ஒருவர் முன்வரிசையில் அட்டையோடு உட்கார்ந்திருப்பார். முதல் அட்டை வந்ததும் தலையசையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து ஆட்டிக்கொண்டே இருப்பார். யாராவது கேள்வி கேட்டால், பதிலுக்கு முன் கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். கேட்டவர் குரல் பல நேரம் பதிவில் விழாது. பிறகு காணொளி பார்ப்பவருக்கு நீங்கள் காற்றோடு பேசுவது போல இருக்கும்.

கேள்வி என்று எழுந்து நான்கு நிமிடம் சொந்த உரை ஆற்றுபவர் எல்லா அரங்கிலும் ஒருவர் உண்டு. "நல்ல விஷயம், வெளியே விரிவாகப் பேசலாமா?" என்று சிரித்த முகத்தோடு அடுத்த கையைக் காட்டிவிடுங்கள்.

எனக்கு வந்த கேள்வியைச் சொல்கிறேன். என் நிரல் கொம்பைக் கண்டால் அடுத்த மெய்யோடு இடம் மாற்றும். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். "ஏற்கெனவே சரியாக இருக்கிற கோப்பில் இதை ஓட்டினால்?" என்று கேட்டார். யோசித்தேன். 'கெடு' என்ற சொல்லில் கொம்பு 'க'வை விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும். நல்லதை நானே கெடுத்துவிடுவேன். "அதைச் சோதிக்கவில்லை" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மழுப்பினால் அரங்கில் உள்ள பாதிப்பேருக்குத் தெரிந்துவிடும்.

படி 9: வராந்தா

உரை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அரங்குக்கு ஓடாதீர்கள். வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். மேடைக்கே வராத பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். மூன்று நான்கு பேர் வட்டமாக நின்றால் இன்னொருவர் நுழைய ஓர் இடைவெளி விட்டு நில்லுங்கள். மென்பொருள் ஆவணங்களை வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தின் நிறுவனர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் இதற்குப் பேக்மேன் விதி என்று பெயர் வைத்தார், அந்தப் பெயருள்ள வீடியோ விளையாட்டில் வரும் வட்ட உருவத்தின் திறந்த வாய் மாதிரி. தனியாக வந்து ஓரத்தில் நிற்கும் புதியவருக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அப்படி நின்று பார்த்தவருக்குத் தெரியும். படம் எடுக்கும் முன் கேளுங்கள், பல மாநாடுகளின் நடத்தை விதிகளிலேயே அது இருக்கும்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் அங்கே வந்தார். "எழுத்தாகச் சேமித்தால் எந்தத் தமிழ்ச் சொல்லும் கொம்பில் தொடங்காது இல்லையா?" என்றார். தொடங்காது. அப்படியானால் கோப்பில் கொம்பில் தொடங்கும் சொல் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இருந்தால் உடைந்த கோப்பு, அப்போது மட்டும் நிரலை ஓட்டலாம். நான்கு வரி வேலை. இரண்டு நாள் உட்கார்ந்தும் எனக்குத் தோன்றாதது, காபிக் கோப்பையோடு நின்றபடி கிடைத்தது. அவர் பெயரை ஸ்லைடில் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டு சேர்த்தேன்.

படி 10: வீடு திரும்பியபின்

ஸ்லைடை அன்றிரவே ஏற்றிவிடுங்கள், ஒரு வாரம் போனால் போனதுதான். ஃபோஸ்டெம் மாதிரி இடங்களில் உங்கள் காணொளியின் தொடக்கம், முடிவு, ஒலி எல்லாம் சரியா என்று பார்க்கச் சொல்லி இணைப்பு வரும். தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கான பதிவுகளோடு மல்லாடுகிறார்கள், உங்களுடையதை உடனே பார்த்து முடித்துவிடுங்கள். வராந்தாவில் 'செய்கிறேன்' என்று ஒப்புக்கொண்டவற்றை நிரல் களஞ்சியத்தில் பதிந்துவையுங்கள், இல்லாவிட்டால் ஊர் வந்து சேர்வதற்குள் மறந்துவிடும்.

அடுத்த ஆண்டு அழைப்பு வரும்போது, மதிப்பாய்வாளராகவும் பெயர் கொடுத்துப் பாருங்கள். பல மாநாடுகளுக்கு ஆள் பற்றாக்குறை, புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் சேர்ந்த முதல் நாள், 'ஓர் அறிமுகம்' என்று முடியும் தலைப்புகளைச் சும்மா எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாவதைத் திறந்தால் 'தமிழ் மொழிச் செயலாக்கத்தின் முக்கியத்துவம், வாய்ப்புகள், சவால்கள்'. யாரோ ஒரு கல்லூரி மாணவர். கீழே கேள்விப் பெட்டியில் எழுதினேன்: "தம்பி, இதில் நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?"