வேலையால கலைச்சுப்போட்டாங்கள், ஈஐ காசும் இல்லையாம்: இப்ப என்ன செய்யிறது?

கனடாவில வேலையால நிப்பாட்டினா ஈஐ (வேலை போன ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காப்புறுதிக் காசு) கிடைக்காது எண்டு நினைச்சு கன பேர் அப்ளையே பண்ணாம இருந்திடினம். 'மிஸ்கொண்டக்ட்' (வேலையில தெரிஞ்சே விட்ட பிழை) எண்டு முடிவானாத்தான் காசு வராது, அந்த முடிவை எடுக்கிறதும் முதலாளி இல்லை, ஈஐயைப் பாக்கிற அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடா.

ஸ்டெப் 1: உடனேயே ஒன்லைன்ல அப்ளை பண்ணுங்கோ. ஆர்ஓஈ (வேலை ஏன் நிண்டது எண்டு முதலாளி போடுற பத்திரம்) வரட்டும் எண்டு இருக்கவேண்டாம், கடைசியா வேலை செய்த நாளில இருந்து 4 கிழமை தாண்டினா காசு வெட்டுப்படலாம்.

ஸ்டெப் 2: ஆர்ஓஈ வந்தா 16ஆம் பெட்டியப் பாருங்கோ. 'ஏ' எண்டா வேலை குறைவு. 'எம்' எண்டா டிஸ்மிஸ், அதைக் கண்டிட்டு நடுங்கவேண்டாம், விசாரணை இனித்தான் வரும்.

ஸ்டெப் 3: சேர்விஸ் கனடாவில இருந்து ஃபோன் வரும். எங்கட ஆக்கள் வழுக்கிறது இங்கதான். என்ர ஃபிரெண்ட் ஒருத்தன், வெயார்ஹவுஸ் வேலை, 3 தரம் லேட்டாப் போனதுக்கு நிப்பாட்டினவை, ஃபோன்ல "ஓம் ஓம், என்ர பிழைதான்" எண்டு மரியாதைக்குச் சொல்லிப்போட்டான், அதை அப்பிடியே எழுதிப்போட்டினம். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டதையோ, சூப்பர்வைசருக்கு விடிய 5 மணிக்கே டெக்ஸ்ட் போட்டதையோ வாய் திறந்து சொல்லேல்ல! சேர்விஸ் கனடா பாக்கிறது இதுதான்: வேணுமெண்டு செய்தனீங்களோ, இல்லாட்டி என்ன நடந்தாலும் நடக்கட்டும் எண்டு விட்டனீங்களோ, வேலை போகும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணுமோ. முறிஞ்சு வேலை செய்தும் ஸ்பீட் காணாது எண்டு நிப்பாட்டினா அது மிஸ்கொண்டக்ட் இல்லை. களவு, அடிபிடி, வோர்னிங் லெட்டர் வாங்கினாப் பிறகும் அதே வேலை எண்டா, சும்மா சொல்லக்கூடாது, கஷ்டம்தான்.

ஸ்டெப் 4: 'இல்லை' எண்டு கடிதம் வந்தா 30 நாளுக்குள்ள ரீகன்சிடரேஷன் (முடிவைத் திருப்பிப் பாக்கச்சொல்லி) கேளுங்கோ. டெக்ஸ்ட், டொக்டர் கடிதம், ஷிஃப்ட் ஷெடியூல் எல்லாம் சேர்த்து அனுப்புங்கோ. அதுவும் சரிவராட்டி சோஷல் செக்யூரிட்டி ட்ரிபியூனலுக்கு (அப்பீல் கேக்கிற தீர்ப்பாயம்) போக இன்னொரு 30 நாள் இருக்கு, காசு கட்டத் தேவையில்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேக்கலாம். வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு ஒன்ராரியோவில லீகல் கிளினிக் ஃப்ரீயா உதவி செய்யும், கூச்சப்படாமப் போங்கோ.

ஸ்டெப் 5: கடைசியில தோத்தா, அதுவரைக்கும் வேலை செய்த மணித்தியாலங்கள் கணக்கில வராது, புது வேலையில திரும்ப 420 தொடக்கம் 700 மணித்தியாலம் சேர்க்கவேணும், எவ்வளவு எண்டது நீங்கள் இருக்கிற இடத்தைப் பொறுத்தது.

இன்னுமொண்டு, வழக்கு நடக்கிற காலத்திலயும் ரெண்டு கிழமைக்கொருக்கா சேர்விஸ் கனடாவுக்கு ஈஐ ரிப்போர்ட் போடுறதை விடாதேங்கோ. ஃபிரெண்ட் அந்த டெக்ஸ்டை உடைஞ்ச பழைய ஃபோனில தேடி எடுத்துத்தான் ரீகன்சிடரேஷன்ல வெண்டவன், மனிசி பேசிப்பேசி ரிப்போர்ட் போடவைச்சதால பின்காசும் மொத்தமா வந்தது.