மலையக ஈரத்தைத் தாங்கும் வி.ஆர். பெட்டி செய்வது எப்படி

போனைச் செருகி லென்ஸ் வழியாக மெய்நிகர் காட்சி பார்க்கும் வி.ஆர். பெட்டியில் பார்த்துத் தலைசுற்றினால் பலரும் போனைத்தான் குறை சொல்வார்கள். கோளாறு அநேகமாக லென்ஸ் இருக்கும் இடத்தில். அதைச் சரியாக அளந்து வைத்தால் சப்பாத்துப் பெட்டி மட்டையே போதும்.

யூடியூப்பில் ஒரு 360 பாகை வீடியோவைத் திறந்து, போனைப் பிடித்தபடி சுற்றித் திரும்புங்கள். காட்சி கூடவே திரும்பாவிட்டால் அதில் திரும்புவதை அறியும் ஜைரோஸ்கோப் இல்லை; வேறு போன் தேடுங்கள். 1968இல் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து செய்த, தலையில் மாட்டிப் பார்க்கும் கருவிக்கு, தலை திரும்புவதை அறியக் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை இறங்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேலை ஒரு சின்ன மின்னணுச் சில்லுக்குள் முடிகிறது.

லென்ஸ் இரண்டு வேண்டும்: இருபுறமும் குவிந்தவை, விட்டம் 25 மி.மீ., குவியத் தூரம் 45 மி.மீ. கடையில் சொன்ன அளவை நம்பாமல் நீங்களே பாருங்கள். மூடுபனி விலகிய நேரத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி, தூரத்து மலை அதில் தலைகீழாகத் தெளியும்வரை லென்ஸை நகர்த்துங்கள். தாளுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள தூரமே குவியத் தூரம்.

போன் திரை லென்ஸுக்கு அதைவிட 1 மி.மீ. கிட்ட, அதாவது 44 மி.மீ.இல் நிற்கட்டும். காட்சி ஏறக்குறைய 2 மீற்றர் தள்ளித் தெரியும். 42க்கு வந்தால் 63 செ.மீ.க்கு நெருங்கிவிடும், கண் களைக்கும். 45ஐத் தாண்டினால் மங்கும்.

கண்மணிகளின் இடைவெளியை அடிமட்டத்தால் அளக்கும்போது, அளக்கப்படுபவர் தூரத்தைப் பார்க்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு 63 மி.மீ. அளவில் இருக்கும், பிள்ளைகளுக்குக் குறைவு. லென்ஸ் மையங்களும் அதே இடைவெளியில். 6.5 அங்குலத் திரையுள்ள நீளப் போனில் திரையின் இரு பாதிகளின் மையங்கள் 75 மி.மீ. விலகிப்போகும், கண்கள் வெளிப்பக்கம் இழுபட்டு நெற்றி வலிக்கும். ஆகவே பெட்டியின் அளவை நாமே பதியக்கூடிய ஆப்பையே பாவியுங்கள்.

மட்டையை மூன்றாக அடுக்கி, நடு அடுக்கில் 25, வெளி அடுக்கு இரண்டிலும் 24 மி.மீ. துளையிட்டால் லென்ஸ் இறுகி நிற்கும். இரு கண்களுக்கும் நடுவே திரைவரை ஒரு தடுப்பு வையுங்கள். உள்ளே கறுப்புத் தாள்.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் மட்டை ஊறித் தளரும், 2 மி.மீ. சரிந்தாலே மேலே சொன்ன கணக்கெல்லாம் போச்சு. வெட்டிய விளிம்பு முழுவதையும் டேப்பால் மூடுங்கள். குளிர்ந்த லென்ஸில் மூச்சு பட்டால் ஆவி படியும்: மூக்குக்கான வெட்டைச் சற்றுப் பெரிதாக்குங்கள், பார்க்கும்முன் லென்ஸை உள்ளங்கைச் சூட்டில் சில நிமிடம் வையுங்கள். பாவிக்காத நாளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும்.

காயட்டும் என்று போனோடு பெட்டியை வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். லென்ஸ் குவிக்கும் வெயில் திரையைப் பொட்டுப்பொட்டாகக் கருக்கிவிடும்.