இதழின் எண்ணைக் கட்டுரையின் தலையில் கட்டாதீர்கள்

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் தே தாரிக் ஆறுவதற்குள், தெரிந்த தம்பி ஒருவர் தன் சுயவிவரத்தை நீட்டினார். முனைவர் பட்டம் முடித்து ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கிறார். ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில், அது வெளிவந்த ஆய்விதழின் இம்பேக்ட் ஃபேக்டர் என்ற எண், அதுவும் மூன்று தசம இடம் வரை. என்ன கண்டுபிடித்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

“எல்லாரும் இப்படித்தாண்ணே போடுறாங்க.”

அந்த எண் வெறும் சராசரி. ஒரு இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய தடவைகளை), அக்காலக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழுக்கு நடந்ததைப் பாருங்கள். சுமார் 2 ஆக இருந்த அதன் எண், 2009-இல் கிட்டத்தட்ட 50 ஆனது. காரணம், 2008-இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தன் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி எழுதிய ஒரே ஒரு கட்டுரை. படிக அமைப்பைக் கண்டறிய அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் பலரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அதே இதழில் எழுதிய மற்றவர்களுக்கும் ஓசியில் 50! 2 ஆண்டுக் கணக்கிலிருந்து அந்தக் கட்டுரை நழுவியதும் எண் பழையபடி இறங்கிவிட்டது. மற்றவர்களின் ஆய்வு ஒரே நாளில் மட்டமாகிவிட்டதா என்ன?

துறைக்குத் துறை ஒப்பிடுவது அடுத்த தவறு. கணிதத்தில் மேற்கோள்கள் மெதுவாகத்தான் சேரும். உயிரியலோடு பக்கத்தில் வைத்தால் கணிதக்காரர் எப்போதும் தோற்பார். சரி, இதழை விட்டு ஆய்வாளரின் எச்-இண்டெக்ஸ் பார்க்கலாமே என்பார்கள். அது 10 என்றால், அவருடைய 10 கட்டுரைகள் தலா 10 மேற்கோளாவது பெற்றிருக்கின்றன என்று பொருள். 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. வயதானவருக்கு வசதி, தம்பிக்கு அல்ல.

தசமங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இம்பேக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனமே 2023-இல் ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொண்டது. தனி ஆய்வாளரை மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பது, 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா அறிக்கையின் முதல் பரிந்துரை.

எண்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இரண்டு வரி எழுதச் சொன்னேன்: என்ன கேள்வி, என்ன கிடைத்தது, அதில் உங்கள் பங்கு எது. கைப்பேசியிலேயே ஒவ்வொன்றாக அழித்தார். ஒன்றில் மட்டும் விரல் நின்றது.

“இது பெரிய ஜர்னல்ணே. இது மட்டும் இருக்கட்டுமே?”