மலைத்தேன் வீட்டுக்கு வந்தாச்சா? இனி இப்படிச் செய்யுங்கள்

நீலகிரியில் குறும்பர் பழங்குடியினர் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கி எடுக்கும் தேன், வளர்ப்புப் பெட்டித் தேனைவிட நீர்த்திருக்கும். மலைத்தேனீயின் தேனில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் நீர்ச்சத்து உண்டு. அதனால் சீக்கிரம் புளிக்கும்.

ஒன்று: ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். ஈரக் கரண்டி படவே கூடாது. மாதக்கணக்கில் வைப்பதானால் ஃபிரிட்ஜ்தான் நல்லது. உறைந்துபோனால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். குளுக்கோஸ் மணிமணியாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையையும் நம்பாதீர்கள். கெட்டிச் சர்க்கரைப் பாகும் அப்படித்தான் அடியில் போய் உட்காரும்.

இரண்டு: ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் பாட்டிலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம் பாசத்தில் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடம்பு துவண்டு, மூச்சே முட்டலாம். வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகா. பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

மூன்று: இருமலுக்கு. இஞ்சியை நசுக்கிச் சாறு பிழிந்து பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் படியும் வெள்ளை வண்டலை விட்டுவிட்டு, தெளிந்த சாறு அரை டீஸ்பூனுடன் தேன் ஒரு டீஸ்பூன் குழைத்துப் படுக்கும்முன் சாப்பிடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இஞ்சி வேண்டாம், தேன் மட்டும் அரை டீஸ்பூன் போதும். தொண்டைக் கரகரப்பு அடங்கும். கறுத்த தேனில் பீனாலிக் சேர்மங்கள் (தாவரங்களிலிருந்து வரும் ஆன்டிஆக்ஸிடன்ட்கள்) பொதுவாகக் கூடுதல் என்பது உண்மை; ஆனாலும் இதில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் மருந்தென்று எண்ணி அள்ளிச் சாப்பிட வேண்டாம்.

நான்கு: தேனும் தினைமாவும். வள்ளி முருகனுக்குக் கொடுத்த அதே பண்டம். ஒரு கப் தினையை வாசம் வரும்வரை வறுத்து, இரண்டு ஏலக்காயோடு நைசாக அரையுங்கள். மாவு நன்றாக ஆறட்டும். சூட்டில் தேன் விட்டால் அதன் மணம் போய்விடும். பிறகு கால் கப் தேனில் தொடங்கி, பிடிக்கவரும் பதம்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உருண்டை பிடியுங்கள். கையில் நெய் தடவிக்கொண்டால் ஒட்டாது.