கூல் டோன் முகத்துக்கு பிளாண்ட்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கலரிங் பழக வருகிறவர்கள் ஷேடு கார்டைத் திறந்ததும் முதலில் கை வைப்பது 'ஆஷ்' (சாம்பல் சாயல்) வரிசையில்தான். அங்கிருந்தே பாதிச் சிக்கல் தொடங்குகிறது. கையுறை, பழைய சட்டை, வாசலின் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. கூல் அண்டர்டோன் (தோலுக்கு அடியில் தெரியும் நீலம் அல்லது ரோஜாச் சாயல்) உள்ளவருக்கு பிளாண்ட் (வெளிறிய பொன்னிற) ஷேடு தேர்வதில் பணமும் முடியும் வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறோம்.

மாநிறம் என்றாலே வார்ம் என்று நினைப்பது

கறுப்பு, மாநிறம், சிவப்பு என்பதெல்லாம் தோலின் அடர்த்தி. அண்டர்டோன் வேறு: அடியில் நீலமோ ரோஜாவோ என்றால் கூல், மஞ்சளோ பொன்னிறமோ என்றால் வார்ம். கறுத்த தோலிலும் கூல் உண்டு, வெளுத்த தோலிலும் வார்ம் உண்டு. மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்க்கும் சோதனையை மாநிறத் தோலில் நம்ப முடியாது. மேக்கப் இல்லாமல், பகலில் ஜன்னலோரம் உட்கார வைத்து, கழுத்தருகே தூய வெள்ளைத் துணியையும் சந்தன நிறத் துணியையும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். வெள்ளையில் முகம் தெளிந்து, சந்தனத்தில் சோகை பிடித்ததுபோல் தெரிந்தால் கூல். மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர் என்றால் அந்தச் சாயம் போகும்வரை சில நாள் பொறுங்கள். சலூனின் மஞ்சள் விளக்கில் எல்லா முகமும் வார்மாகத்தான் தெரியும்.

கூல் என்றால் ஆஷ்தான் என்று முடிவு கட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் செலவு முழுவதும் வாடிக்கையாளர் தலையில்.

லெவல் என்பது முடி எவ்வளவு வெளிறியது என்ற அளவு: 1 கறுப்பு, 10 மிக வெளிறிய பிளாண்ட். நம் முடி பெரும்பாலும் லெவல் 1 முதல் 3 வரை. பிளீச் போட்டால் அது நேராக பிளாண்ட் ஆவதில்லை. சிவப்பு வரும், லெவல் 6-இல் ஆரஞ்சு, 7-இல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, 8-இல் மஞ்சள், 9-இல் வெளிர்மஞ்சள், 10-இல் வாழைப்பழத் தோலின் உட்புற நிறம். ஆஷ் ஷேடுகளில் பலவற்றுக்கு அடிப்படை நீலம். நீலம் ஆரஞ்சை அடக்கும். மஞ்சள்மேல் விழுந்தால் பச்சையடிக்கும். மஞ்சளை அடக்குவது வயலெட்.

புதியவர் செய்வது என்ன? 7-இல் பிளீச்சை நிறுத்திவிட்டு, கார்டில் அழகாக இருக்கும் 9 ஆஷ் டோனரை (பிளீச்சுக்குப் பின் சாயலைத் திருத்தும் கலர்) பூசுகிறார். அவ்வளவு வெளிறிய டோனருக்கு அந்த ஆரஞ்சை மூடும் அடர்த்தி கிடையாது. பத்து நிமிடம் கூடுதலாக விடுகிறார். ஈரத்தில் சரியாகத் தெரிகிறது. உலர்த்தினால் நடுமுடி ஆரஞ்சு, நன்றாக வெளுத்திருந்த நுனி மட்டும் சாம்பல் பச்சை. நுனி ஏற்கெனவே சேதமாகி நிறத்தை வேகமாக உறிஞ்சுவதுதான் காரணம். அதைச் சரிசெய்ய அடர்த்தியான ஆஷ் போட்டால் மொத்தமும் சேற்று நிறம். அதன்மேல் வெளிறிய ஹேர் கலர் போட்டும் பயனில்லை. ஏற்கெனவே போட்ட கலரை இன்னொரு கலர் வெளுக்காது. மறுபடி பிளீச்தான். இரண்டாவது பிளீச்சுக்குப் பணமும் போகும், நுனி நாலு விரல் நீளமும் போகும்.

வேதியியல் சரியாக அமைந்தாலும் தேர்வு தவறாக இருக்கலாம். ஆஷ் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். முடி உண்மையான லெவலைவிடக் கறுத்துத் தெரியும். கூல் மாநிற முகத்தருகே தட்டையான சாம்பல் முடி இருந்தால் உதட்டு நிறம் மங்கும், கண்ணடிக் கருமை எடுத்துக் காட்டும். கூல் தோலுக்கு ஆஷைவிட ஒளியுள்ள முத்து நிறமோ வயலெட் கலந்த பேஜோதான் (மணல் நிறம்) அழகு.

முடி உண்மையில் 9-க்கு வந்திருந்தால் வயலெட் சார்ந்த டோனர் 2 பங்கு, பேஜ் 1 பங்கு, 1.9% டெவலப்பர் (கலரோடு கலக்கும் பெராக்சைடு), தயாரிப்பாளர் சொல்லும் விகிதத்தில். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு இழையைத் துடைத்துப் பாருங்கள். 8-இல் நின்றிருந்தால் நீலமும் வயலெட்டும் சேர்ந்த 8 லெவல் பேர்ல் (முத்து நிறம்). 7-க்கு மேல் வரவில்லையா, அன்றைக்கு 7 லெவல் ஆஷ் போட்டு, "இது கூல் பிரவுன், பிளாண்ட் அடுத்த சிட்டிங்கில்" என்று நேராகச் சொல்லி அனுப்புங்கள். கறுப்பு முடியை ஒரே நாளில் 9-க்குக் கொண்டுபோகிறேன் என்று வாக்குக் கொடுப்பதில்தான் இத்தனையும் ஆரம்பமாகிறது.

எண்ணை மட்டும் நம்புவது

ஷேடு எண்ணில் புள்ளிக்கோ கோட்டுக்கோ பின் வரும் இலக்கம் சாயலைச் சொல்லும். லோரியால் மஜிரெலில் .2 என்றால் வயலெட் சாயல். வெல்லா கோலஸ்டனில் /2 என்றால் மேட், அதாவது பச்சைச் சாயல். பிராண்ட் மாற்றினால் கார்டை முதலிலிருந்து படியுங்கள்.

பர்ப்பிள் ஷாம்பு ஆரஞ்சை எடுக்காது

மஞ்சளுக்கு மட்டும். வாரம் ஒருமுறை.

வேரிலிருந்தே பிளாண்ட் கேட்பது

கருத்த புருவத்துக்கும் வெளிறிய வேருக்கும் நடுவே முகம் தனியாகத் துண்டித்துத் தெரியும். வேரில் ஓரிரு அங்குலம் சொந்த நிறத்தை விடுங்கள். முகத்தோரம் மெல்லிய இழைகள், கீழே போகப்போக பிளாண்ட் இழைகள் அதிகம். தலைச்சூட்டில் வேர் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் அங்கே கை வைக்காமலிருப்பது நிறம் சீராக வரவும் உதவும்.

மருதாணி பற்றிக் கேட்காமல் தொடங்குவது

மருதாணி ஆரஞ்சில் பிடிவாதமாக நிற்கும். கடையில் வாங்கிய கலவைப் பொடியில் உலோக உப்பு இருந்தால் பெராக்சைடு பட்டதும் முடி சூடாகிக் கருகவும் கூடும். உதிர்ந்த முடி கொஞ்சம் எடுத்து, 6% டெவலப்பரில் சில துளி அமோனியா விட்டு 30 நிமிடம் ஊறவையுங்கள். சூடானாலோ நுரைத்தாலோ நிறம் சட்டென்று மாறினாலோ பிளீச் கூடாது.

பேட்ச் டெஸ்ட்

கலர் போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன், தோலில் சிறிது பூசி ஒவ்வாமை வருகிறதா என்று பாருங்கள். விலக்கு இல்லை.

போர்வெல் தண்ணீரைக் கணக்கில் எடுக்காதது

இரும்பு அதிகமுள்ள தண்ணீர் நல்ல முத்து நிறத்தையும் சில வாரத்தில் துருவேற்றிவிடும். பிளீச்சுக்கு முன் ஒருமுறை கீலேட்டிங் ஷாம்பு (முடியில் படிந்த உலோகத்தை எடுப்பது) போடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, டோனர் புதுப்பிக்கும் நாளில், டோனருக்கு முன் போட்டால் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி ஆர்ஓ தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.